ஓய்வுக்கும் அளவு உண்டு

நாமக்கல்லில் என் பிசியோதெரபி அறைக்கு வருகிறவர்களின் கண் முதலில் மின்தூண்டல் கருவியின் மேல்தான் விழும். "அந்த மெஷின் வெச்சா சரியாயிருமுங்களா?" என்பது பலரும் கேட்கும் முதல் கேள்வி. நான் அதிகம் நம்பும் கருவியோ மேசை இழுப்பறையில் கிடக்கிறது. தையல்காரர் கழுத்தில் தொங்குமே, அதே இஞ்ச் டேப். கால் சூம்பிப்போய் வருகிறவரிடம் என் வேலை அந்த டேப்பில்தான் தொடங்கும்.

அளப்பதற்கு ஒரு முறை உண்டு. ஆள் மல்லாந்து படுக்க வேண்டும். இரண்டு கால்களும் நீட்டித் தளர்ந்திருக்க வேண்டும். முட்டிச் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே பேனாவால் ஒரு கோடு, 15 சென்டிமீட்டரில் இன்னொரு கோடு. டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. இரண்டு தொடைகளையும் அளந்து சீட்டில் எழுதிக்கொள்வேன். அடுத்த முறையும் அதே கோடு, அதே கை, முடிந்தால் அதே நேரம். அளக்கும் ஆள் மாறினாலே எண் மாறிவிடும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் நோய்நொடி இல்லாதவரிடமும் இருக்கும் என்பதால் அதை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை.

டேப்பை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். அது தோல், கொழுப்பு, வீக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கிறது. கட்டுப் பிரித்த புதிதில் முட்டியைச் சுற்றி நீர் கோத்திருந்தால், தசை கரைந்திருந்தாலும் எண் குறையாது. உடம்பு பருத்தவரின் தொடையில் கொழுப்பு அந்த இழப்பை மூடி மறைத்துவிடும். அதனால் டேப்புக்கு அடுத்து கை. நல்ல தசை தளர்ந்து கிடக்கும்போதும் அமுக்கும் விரலை மெல்லத் திருப்பித் தள்ளும். சூம்பியது தள்ளாது. விரல் போன இடத்துக்கு வழிவிடும். தொடையின் முன்பக்கத் தசைக்கு நான்கு பிரிவுகள். அவற்றில் உட்பக்கம் முட்டிச் சில்லுக்குச் சற்று மேலே மேடாகத் தெரிவது வாஸ்டஸ் மீடியாலிஸ். முட்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் கண்ணுக்கு முதலில் தெரியும் பள்ளம் அங்கேதான் விழும். அனுபவம் உள்ள பிசியோ, நோயாளி வேட்டியை மடித்துவிட்டு உட்காரும்போதே அந்த இடத்தைப் பார்த்துவிடுவார்.

அது எத்தனை சீக்கிரம் விழுகிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களின் ஒரு காலுக்கு முழுக்கட்டுப் போட்டு அளந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐந்தே நாளில் தொடை முன்தசையின் குறுக்குப் பரப்பு 3.5 சதவீதம் குறைந்தது, வலிமை 9 சதவீதம் குறைந்தது. 14 நாளில் பரப்பில் 8 சதவீதமும் வலிமையில் 23 சதவீதமும் போயின. எலும்பு முறியவில்லை, காய்ச்சல் இல்லை, சாப்பாட்டுக்குக் குறையில்லை. அசையாமல் இருந்தது ஒன்றுதான் காரணம். வயதானவர்களிடம் இது இன்னும் கடுமை. நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2007இல் வந்தது. கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களை ஸ்கேன் மூலம் அளந்த லண்டன் மருத்துவர்கள் 2013இல் சொன்ன கணக்கு, பத்தாம் நாளில் தொடையின் நடுத்தசையில் சுமார் 18 சதவீதம் இழப்பு.

இந்த எண்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது ஒன்று உண்டு. பருமன் 8 குறையும்போது வலிமை ஏன் 23 குறைகிறது? தசை மெலிவதற்கு முன்பே அதற்குப் போகும் கட்டளை மெலிகிறது. மூளையும் தண்டுவடமும் அந்தத் தசையின் எல்லா நார்களையும் ஒருசேரக் கூப்பிடும் பழக்கத்தை விட்டுவிடுகின்றன. அதனால் சூம்பிய தொடையில் எனக்கு இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. முதலில் கட்டளை போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகுதான் பருமன். இந்த வரிசை மாறினால் வலிதான் மிஞ்சும்.

தசையை உடல் சும்மா வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு நாளும் அதில் புரதம் சேர்கிறது, புரதம் உடைகிறது. இழுவை நின்றால் சேர்வது குறையும், உடைவது கூடும். உடைப்பதற்கென்றே தசைக்குள் முனைப்பாகும் இரண்டு மரபணுக்களை 2001இல் கண்டுபிடித்தார்கள். கட்டுப் போட்ட கால், நரம்பு அறுந்த கால் இரண்டிலும் அவை வேலைசெய்யத் தொடங்குகின்றன. எல்லாத் தசைகளும் ஒரே வேகத்தில் மெலிவதில்லை. நம்மை நிற்கவைக்கும் தசைகள், அதாவது தொடை முன்தசை, கெண்டைக்கால், முதுகுத்தண்டை ஒட்டியவை முதலில் போகும். அவை நாள் முழுதும் உடலின் எடையைத் தாங்கியே பழகியவை. அந்த எடை இல்லாத விண்வெளியிலும் இதே கதைதான். அங்கே மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு உடற்பயிற்சி செய்தாக வேண்டியிருக்கிறது.

கிடக்கும் நிலையும் முக்கியம். சுருங்கிய நிலையில் கட்டப்பட்ட தசை, நீண்ட நிலையில் கட்டப்பட்டதைவிட வேகமாக மெலியும். மெலிவதோடு நீளமும் குறையும். நாரில் வரிசையாக அடுக்கியிருக்கும் நுண்ணிய அலகுகளே எண்ணிக்கையில் குறைந்துபோகும். படுக்கையில் கிடப்பவரின் பாதம் கீழ்நோக்கித் தொங்கியே இருந்தால் கெண்டைக்கால் தசை குட்டையாகி, எழுந்து நிற்கும் நாளில் குதிகால் தரையில் படாது. வீடுகளில் நான் போனவுடன் செய்யும் முதல் காரியம் முட்டிக்கு அடியில் இருக்கும் தலையணையை எடுப்பது. பாசத்தோடு வைத்ததுதான். வலி குறைகிறது என்று நோயாளியும் விரும்புவார். ஆனால் அந்த வளைவிலேயே கிடந்தால் முட்டி நீட்ட வராமல் இறுகும், பிறகு நேராக நிற்க முடியாது. குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டு, பாதம் நேராக நிற்க ஒரு பலகை. இவ்வளவுதான் வேண்டும்.

எங்கள் ஊரில் லாரி ஓட்டுநர்கள் அதிகம். அவர்களில் ஒருவருக்கு இடது கீழ்க்கால் எலும்பு முறிந்து தொடைவரை மாவுக்கட்டு. கட்டுப் பிரித்து என்னிடம் வந்தபோது பெருமையாகச் சொன்னார்.

"ஒன்றரை மாசமுங்க. காலைக் கீழயே வெக்கலைங்க. வீட்டுல தண்ணி மொண்டு குடிக்கக்கூட விடலைங்க."

"எலும்பு கூடிருச்சுங்கண்ணா. தொடையைப் பாத்தீங்களா?"

பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஓட்டாம நிறுத்துன வண்டியாட்டம் ஆயிப்போச்சுங்களே" என்றார்.

கட்டுக்குள் இருக்கும் காலுக்கும் செய்ய எவ்வளவோ இருக்கிறது. கட்டு அசைவைத் தடுக்கிறது, இறுக்குவதைத் தடுப்பதில்லை. எலும்பு மருத்துவர் தடை சொல்லாத பட்சத்தில், கட்டுக்குள்ளேயே தொடையை ஐந்து விநாடி இறுக்கி விடலாம். மணிக்கொரு தரம் பத்து முறை. விரல்களை ஆட்டலாம். இடுப்பிலிருந்து காலை நேராகத் தூக்கலாம். அசைவில்லாமல் இறுக்குவதாலேயே வலிமை கூடும் என்பதை 1953இல் ஜெர்மனியில் ஹெட்டிங்கரும் முல்லரும் காட்டினார்கள்.

நோயாளிகளுக்கு வியப்பூட்டும் இன்னொரு வழியும் உண்டு. நல்ல காலுக்குப் பயிற்சி கொடுத்தால் கட்டுப் போட்ட காலுக்கும் ஒரு பங்கு போகும். 1894இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஒரு கை பழகினால் பழகாத கையிலும் வலிமை கூடியது. நரம்பு மண்டலம் இரண்டு பக்கங்களுக்கும் பொதுவானது என்பதால் வரும் பயன் இது. அதையும் தாண்டி, வெறும் நினைப்புக்கே பலன் உண்டு என்று ஒஹையோவில் நடந்த ஆய்வு 2014இல் காட்டியது. மணிக்கட்டை நான்கு வாரம் கட்டிப்போட்டவர்களில் சும்மா இருந்தவர்கள் சுமார் 45 சதவீத வலிமையை இழந்தார்கள். கையை இறுக்குவதாக மனத்துக்குள் தவறாமல் பயிற்சி செய்தவர்கள் இழந்தது 24 சதவீதம்தான். கட்டோடு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஓட்டுநரிடம் திரும்புவோம். நீட்டிய முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, "கீழ அமுக்குங்கண்ணா" என்றேன். இடுப்பைத் தூக்கினார், பல்லைக் கடித்தார், மூச்சைப் பிடித்தார். தொடை அசையவில்லை. "எங்கிருந்து அமுக்கறதுன்னே தெரியலைங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. மூட்டுக்குள் வீக்கம் இருந்தால் தண்டுவடமே தொடை முன்தசையை அடக்கிவைக்கும். 1984இல் வெளியான ஆய்வு ஒன்றில் நல்ல முட்டிகளுக்குள் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார்கள். 20 முதல் 30 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு போனதுமே வாஸ்டஸ் மீடியாலிஸ் மங்கத் தொடங்கியது. மற்றப் பிரிவுகளை மங்கவைக்க அதைப்போல இரண்டு மடங்கு தேவைப்பட்டது. உட்பக்கப் பள்ளம் முதலில் விழுவதற்கு இது ஒரு காரணம். இந்த நிலையில் "நல்லா முயற்சி பண்ணுங்க" என்று அதட்டுவதில் அர்த்தமில்லை. வீக்கம் வடிய வேண்டும். ஐஸ் ஒத்தடம், காலை உயர்த்தி வைப்பது, எலாஸ்டிக் கட்டு.

அதோடு தசையை எழுப்பும் வேலை. என் இடது கையை அவருடைய நல்ல தொடையிலும் வலது கையைச் சூம்பிய தொடையிலும் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கச் சொல்வேன். நல்லது வழிகாட்டும். விரல்நுனியால் வாஸ்டஸின் மேல் தட்டிக்கொண்டே இருப்பேன். கண்ணை முட்டிச் சில்லின் மேலேயே வைக்கச் சொல்வேன். தசை பதில் சொன்னால் சில்லு இடுப்பை நோக்கி இம்மியளவு ஏறும். அது ஏறும் கணம் நோயாளிக்கும் தெரியும், எனக்கும் விரலில் தெரியும். இந்தக் கட்டத்தில் மின்தூண்டல் கருவிக்கு நல்ல வேலை உண்டு. மின்சாரம் தசையைச் சுருக்கும்போது நோயாளியும் சேர்ந்து இறுக்க வேண்டும். கருவியை ஒட்டிவிட்டுச் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தால் பயன் பாதிகூட வராது.

"எண்ணெய் போட்டு நீவி விட்டா சதை வந்துருமுங்களா?" என்ற கேள்வி வராத நாளில்லை. நீவுவது இதமாக இருக்கும், இறுக்கம் தளரும். ஆனால் தசை வளர்வதில்லை. இழுவை இல்லாமல் தசை வளராது. ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கட்டுப் பிரித்த பிறகோ நெடுநாள் படுத்த பிறகோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக வலித்தால் அதை நீவவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தசை எழுந்த பிறகு சுமை. இந்த அத்தியாயத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு முன்னோடி இருக்கிறார். தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இளவயதில் வாதக் காய்ச்சலில் படுத்து, பளு தூக்கித் தன்னைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் காலில் காயம்பட்ட வீரர்கள் சிகாகோவின் கார்டினர் மருத்துவமனையில் குவிந்துகிடந்தபோது, லேசான எடையைப் பல முறை தூக்கவைக்கும் பழைய வழக்கத்தை அவர் மாற்றினார். கனமான எடை, குறைந்த எண்ணிக்கை, தேறத் தேற எடையைக் கூட்டுவது. 1945இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1948இல் வாட்கின்ஸுடன் சேர்ந்து வகுத்த முறை இன்றும் எங்கள் பாடத்தில் இருக்கிறது. ஒருவர் பத்து முறை மட்டும் தூக்க முடிந்த எடை எது என்று கண்டுபிடி. முதல் சுற்று அதில் பாதி, இரண்டாவது முக்கால், மூன்றாவது முழு எடை. ஒவ்வொன்றிலும் பத்து.

என்னிடம் இருப்பவை மணல் மூட்டைகள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து, சலித்த மணலை இட்டு, மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, அரைக் கிலோவிலிருந்து ஐந்து கிலோவரை மேலே எண் எழுதி வைத்திருக்கிறேன். கணுக்காலில் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை நீட்டி மடக்க வேண்டும். ஆரம்பத்தில் முழு நீட்சிக்கு வராமல் கடைசிச் சில பாகைகளில் கால் தொங்கும். அந்தத் தொங்கல் போகும்வரை மூட்டையை ஏற்றுவதில்லை. பத்தில் கடைசி இரண்டும் கடினமாக இருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே பன்னிரண்டு தூக்கினால் எடை போதவில்லை என்று அர்த்தம், அடுத்த நாள் அரைக் கிலோ கூடும். சூம்பிய தசைக்குக் கனமே ஆகாது என்று பயந்து மாதக்கணக்கில் வெறுங்காலை ஆட்டவைப்பதால் நேரம்தான் வீணாகிறது.

பிறகு சுமையை வாழ்க்கைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டுநருக்கு இடது கால் என்றால் கிளட்ச். சுவரோரம் உட்கார்ந்து, காலடியில் கனமான எலாஸ்டிக் பட்டையைக் கொடுத்து, கிளட்ச் மிதிக்கும் அதே கோணத்தில் மிதித்து, மெதுவாக விடச் சொன்னேன். மிதிப்பதைவிட மெதுவாக விடுவதே கஷ்டம். மலைப்பாதையில் அவருக்கு வேண்டியதும் அதுதான்.

முதல் சில வாரங்களில் எல்லோரும் டேப்பைக் கேட்பார்கள். "ஒரு சுத்தாவது ஏறிச்சுங்களா?" ஏறியிருக்காது. ஆனால் படியேற முடிகிறது, இரண்டு கிலோ மூட்டை லேசாகிவிட்டது. ஆரம்ப வலிமை நரம்பின் கற்றல், பருமன் அதற்குப் பின்னால் வருவது என்று மொரிட்டானியும் டிவ்ரீஸும் 1979இல் காட்டியதை அவர்கள் கேட்கும் மொழியில் சொல்லுவேன். முதல் நாள் அளந்த பிறகு ஒன்றரை மாதம்வரை டேப்பை எடுக்கவே மாட்டேன். சீக்கிரம் அளந்தால் மனம் உடையும், மனம் உடைந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார். இழந்த நாட்களைவிட மீட்கும் நாட்கள் அதிகம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

முதியவர்கள் விஷயம் வேறு. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த ஓர் அப்பத்தாவைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் ஒரு குறை வைக்கவில்லை. ஊட்டிவிடுகிறார், தூக்கி உட்காரவைக்கிறார், கழிவறைக்குத் தாங்கிக்கொண்டு போகிறார். மூன்று வேளையும் கஞ்சி. உடம்பு சரியில்லாதவருக்குப் பத்தியம் என்று முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். நாடெங்கும் லாரியில் முட்டை அனுப்பும் ஊர் எங்களுடையது. அந்த வீட்டின் பின்னாலேயே கோழிப்பண்ணை.

கணக்கைச் சொன்னேன். தசை கரைந்த முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதமாவது வேண்டும். ஐம்பது கிலோ அப்பத்தாவுக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். கஞ்சியில் இருப்பது மிகக் கொஞ்சம். முட்டை, பால், தயிர், கெட்டிப் பருப்பு, சுண்டல், மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும். புரதம் தனியாகத் தசையைக் கட்டாது, உடற்பயிற்சியும் வெறும் கஞ்சியில் கட்டாது. இரண்டும் ஒரே நாளில் சேர வேண்டும்.

அடுத்துச் சொன்னதுதான் மருமகளுக்குக் கஷ்டமாக இருந்தது. "இனிமே அத்தையைத் தூக்காதீங்கம்மா. பக்கத்துல நில்லுங்க. அவங்களே எந்திரிக்கட்டும்." அக்கம்பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று தயங்கினார். அப்பத்தா முந்திக்கொண்டார். "சும்மா நில்லு கண்ணு, நான் எந்திரிக்கறேன்." கைப்பிடி உள்ள நாற்காலியில் கையை ஊன்றி எழுந்து உட்கார்வதுதான் அவருக்கு நான் கொடுத்த முதல் பயிற்சி. அந்த எழுச்சியில் தொடையும் பிட்டமும் கெண்டைக்காலும் ஒன்றாக வேலைசெய்கின்றன. ஆசிய முதியோருக்கான 2019 வழிகாட்டுதலின்படி, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். கைப்பிடி வலிமை ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனாலும் அப்படியே. கருவி இல்லாதவர்களுக்கு ஜப்பானியர் பழக்கிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கைகளின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வளையமாக்கி, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். வளையத்துக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் கவனிக்க வேண்டிய கால் அது.

இதுவரை சொன்னதெல்லாம் உபயோகிக்காததால் சூம்பிய தசை. அதற்கு மருந்து சுமை. ஆனால் கண்ணுக்கு இதேபோலத் தெரியும் வேறு சூம்பல்கள் இருக்கின்றன, அவற்றுக்குச் சுமையே எதிரியாகலாம். மூட்டையைக் கட்டுவதற்கு முன் இது எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். எங்கள் தொழிலில் கடினமான பகுதி இதுதான்.

நரம்பு போன தசை வேகமாகவும் ஆழமாகவும் கரையும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, புறங்கைப் பக்கம் குழி விழுந்திருந்தால் முழங்கையின் உட்புறம் ஓடும் அல்நார் நரம்பைத் தேடுவேன். இரண்டு விரல்களுக்கும் நடுவே ஒரு காகிதத்தைக் கொடுத்து இழுத்தால், கட்டைவிரலின் நுனி மடங்கிப் பிடிக்கும். உள்ளே தசை இல்லாததை விரல் அப்படி ஈடுகட்டுகிறது. தொழுநோயில் அடிபடும் நரம்புகளில் முக்கியமானது இது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொடங்கிய கை அறுவை சிகிச்சைகள் இந்தக் கைகளுக்காகத்தான். செத்துப்போன சிறுதசைகளின் வேலையை, உயிரோடிருக்கும் வேறொரு தசையின் நாணை மாற்றித் தைத்து அதனிடம் ஒப்படைத்தார். வெட்டித் தைப்பது பாதி வேலை. இடம் மாறிய தசைக்குப் புது வேலையைச் சொல்லித்தரும் மறுபாதி பிசியோவின் கையில் இருக்கிறது.

அறுந்து சேர்ந்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். நரம்பு வந்து சேராமல் ஒன்றரை ஆண்டு போனால் தசை நாராகிவிடும், பிறகு நரம்பு வந்தாலும் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. அதுவரை மூட்டுகள் இறுகாமல் காப்பதுதான் எங்கள் வேலை.

பதின்ம வயதுப் பையன் ஒருவன் வலியே இல்லாமல் ஒரு கை மட்டும் மெலிகிறது என்று வந்தால், டம்பெல்ஸ் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. ஜப்பானில் ஹிராயாமா 1959இல் விவரித்த நோயாக அது இருக்கலாம். கழுத்து குனியும்போது தண்டுவடம் நசுங்குவதால் வருவது. ஒற்றைக் கை, கால் மெலிவைப் பெங்களூர் நிம்ஹான்ஸில் கௌரி தேவி குழுவினர் 1984இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். சென்னைக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. இளவயதிலேயே கைகால் மெலிவு, முக, நாக்குத் தசைகளின் பலவீனம், காது கேளாமை ஆகியவற்றோடு வரும் ஒரு நரம்பு நோய்க்கு உலக மருத்துவ நூல்களில் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே பெயர். மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970இல் எழுதிய கட்டுரையில் இடம்பெற்றது அது.

சர்க்கரை நோயுள்ள பெரியவருக்கு ஒரு தொடையில் இரவெல்லாம் வலி, எடைக் குறைவு, பிறகு அதே தொடை மெலிவு என்றால் அது நரம்பின் கோளாறு, முட்டித் தேய்மானம் அல்ல. தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஏறும் சிறுவனின் கெண்டைக்கால் பருத்திருந்தால் மகிழ்ச்சியடையக் கூடாது. டூஷேன் தசைநோயில் அந்தப் பருமன் தசையில்லை, பெரும்பாலும் கொழுப்பும் நாரும். அவனுக்குக் கனமான எடை தீங்கு. தோலுக்கடியில் தசை தானாகத் துடித்துக்கொண்டே மெலிந்தால் அன்றே நரம்பியல் மருத்துவருக்குச் சீட்டு எழுதுவேன்.

1947இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரிச்சர்ட் ஆஷர் என்ற மருத்துவர் படுக்கையின் ஆபத்துகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓய்வைத் தீங்கற்றது என்று எண்ணி எல்லோருக்கும் வாரி வழங்குவதைக் கண்டித்தார். அது வெளியாகி முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் எங்கள் வீடுகளில் "அசையாமப் படு" என்பதே அன்பின் முதல் வார்த்தையாக இருக்கிறது. ஓய்வு தேவைதான். மாத்திரைக்கு இருப்பதுபோல் அதற்கும் அளவும் காலக்கெடுவும் வேண்டும். எந்த உறுப்புக்கு ஓய்வு, எத்தனை நாளுக்கு என்று சொல்லாத ஓய்வு, முறிந்த எலும்போடு முறியாத உடம்பையும் கட்டிப்போடுகிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டுப் போடும் நாளிலோ அறுவை சிகிச்சை முடிந்த நாளிலோ மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்றிலிருந்தே எதையெல்லாம் அசைக்கலாம்? எந்த நாளில் காலை ஊன்றலாம்? பிசியோவை எப்போது பார்க்கலாம்? பதிலைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். கட்டுப் பிரித்த பிறகு கேட்டால், அதற்குள் தசையில் பாதிக் கணக்கு முடிந்திருக்கும்.